கொழுப்பு திருடும் பூச்சி

ராமபத்ரனுக்குப் பயம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தால் பயம், ரயில் ஊதினால் பயம், யாராவது பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டால் என்ன தப்புப் பண்ணித் தொலைத்தோமோ என்று பயம். இப்படிப்பட்ட மனுஷனை, உலகத்தில் வேறு உத்தியோகமே இல்லாதது போல, மனிதக் குடலை அரித்துத் தின்கிற பூச்சியை வளர்க்கும் வேலையில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

திருவள்ளூரில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. அப்பா கிருஷ்ணஸ்வாமி, கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் முதல் வரிசையில் நிற்பவர். கணீரென்ற குரல். அந்தக் குரலில் கால்வாசிகூட மகனுக்கு வரவில்லை. நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் ராமபத்ரனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கோயிலுக்கு ஆக மாட்டான் என்று தெரிந்து, விலங்கியல் படிக்க வைத்தார் அப்பா. எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பொட்டல் காட்டில் ஷெட்டு ஷெட்டாகக் கம்பெனிகள் முளைத்தபோது, ஒரு சின்ன மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பெரியபாளையத்தில் பஸ் மாறி, புழுதியைத் தின்றுகொண்டு போய் வருவார்.

அங்கே தலைமை டாக்டர் மேரி. ராயபுரத்துப் பெண்மணி, அதிர்ந்து பேச மாட்டார். சீதபேதி உண்டாக்கும் அமீபாவுக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

கொழுப்பு என்றதும் தொப்பையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமீபா ஒற்றை உயிரணுவால் ஆன உயிர். கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் தோலை நெய்யக் கொழுப்பு வேண்டும், அதிலும் கொலஸ்ட்ரால் என்ற சரக்கு இல்லாமல் அந்தத் தோல் நிற்காது. நம் உடம்புக்கு அதைத் தானே செய்துகொள்ளத் தெரியும். அமீபாவுக்குத் தெரியாது. ஆகவே இருக்கும் இடத்தில் திருடும். குடலில் இருந்தால் நம்மிடம் திருடும். கண்ணாடிக் குழாயில் இருந்தால் அதற்கு ஊற்றுகிற குதிரைச் சீரத்திலிருந்து திருடும். சீரம் என்பது வேறொன்றுமில்லை, குதிரையின் ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர். கொழுப்பை எடுத்துவிட்ட சீரத்தை ஊற்றினால் பூச்சி சுருண்டு சாகும். அதிலேயே கொலஸ்ட்ராலை மட்டும் திரும்பச் சேர்த்து ஊற்றிய குழாயில் பிழைத்துக் கிடக்கும். திருடுகிற வழியை அடைத்துவிட்டால் அதுவே மருந்து என்பது டாக்டர் மேரியின் கணக்கு.

குழாய்கள் இரண்டு ஜாதி. ஒன்று, நோயாளிகளிடமிருந்து எடுத்து, குடல் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்ப்பது. அதற்குத் தீனி அரிசி மாவு. ஆமாம், நிஜ அரிசி மாவுதான். மற்றது, பாக்டீரியாவே இல்லாமல் தனியாக வாழப் பழக்கிய வம்சம். கொழுப்புச் சோதனை முழுக்க இந்த இரண்டாவதில்தான், ஏனென்றால் பாக்டீரியாவின் கொழுப்பு கலந்துவிட்டால் யாருடையது எது என்று புரியாது. இந்த அமீபாக்களைத் திரட்டி, குளோரோபார்மில் குலுக்கி, அடியில் இறங்கும் கொழுப்பைக் கண்ணாடித் தகட்டில் பொட்டு வைத்து, அயோடின் புகையில் காட்டினால் பழுப்புப் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பும். வேலையில் ராமபத்ரனுக்குப் பிடித்த கட்டம் அது ஒன்றே. அதற்குள் பூச்சி செத்துப்போயிருக்கும் அல்லவா?

கூட வேலை செய்தவன் துளசிராமன், கவரைப்பேட்டைக்காரன். ராமபத்ரன் குழாய்களுக்கு அரிசி மாவு போடும்போதெல்லாம், "இன்னா அய்யரே, உன் சாமிங்களுக்கு நைவேத்யம் ஆயிடுச்சா?" என்று வம்புக்கு இழுப்பான். நைவேத்யம் என்ற பேச்சைக்கூட ராமபத்ரன் பொறுத்துக்கொள்வார். அய்யர் என்றால்தான் பொறுக்காது. பயந்த சுபாவம்தான், ஆனாலும் நெற்றியில் திருமண்ணை இவ்வளவு பெரிதாக வைத்துக்கொண்டு வருகிறவனை அய்யர் என்றால் எப்படி? ஒவ்வொரு தடவையும் "அய்யங்கார்" என்று திருத்துவார். துளசிராமனுக்கு அதைக் கேட்பதில் ஒரு குஷி.

அந்தக் காலத்தில் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழலை வாயில் வைத்து உறிஞ்சித்தான் திரவத்தை அளந்து எடுப்பார்கள். வாய்க்குள் ஏறிவிடாமலிருக்க மேல் நுனியில் துளி பஞ்சு அடைப்பது வழக்கம். பஞ்சு அடைப்பது துளசிராமன் வேலை. அவன் பஞ்சை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, திரித்து, உள்ளே குத்துவான். ராமபத்ரன் அதைப் பார்த்த நாளிலேயே தனக்கென்று ஒரு பிப்பெட்டை எடுத்து, நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டுவிட்டார். எச்சில் பண்டம் வாயில் படலாமா? பஞ்சே இல்லாத பிப்பெட் அது. குடல் பூச்சியை உறிஞ்சலாம், எச்சில் பஞ்சு மட்டும் கூடாது! ஆசாரம் மனுஷனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

புரட்டாசி மாதம் ஒரு பிற்பகல், இரண்டாம் ஜாதிக் குழாயிலிருந்து ராமபத்ரன் உறிஞ்சிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த துளசிராமன் வழக்கம்போல "இன்னா அய்யரே" என்றான். "அய்யங்கார்" என்று சொல்ல மூச்சை உள்ளே இழுத்தார். அவ்வளவுதான். வெதுவெதுப்பாக, உப்பும் முட்டை வாடையுமாக, ஒரு மடக்கு தொண்டையைத் தாண்டி இறங்கிவிட்டது.

துப்பினார். டெட்டாலால் கொப்பளித்ததில் நாக்கு வெந்துபோயிற்று. விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தார், பயத்தில் அதுகூட வரவில்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்ற துளசிராமனின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார். பஞ்சு இல்லாமல் உறிஞ்சக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. வேலை போய்விட்டால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வயிற்றுக்குள் போனது பூச்சி மட்டுமா? குதிரை ரத்தம் ஐயா, குதிரை ரத்தம்! கிருஷ்ணஸ்வாமியின் பிள்ளை குதிரை ரத்தம் குடித்துவிட்டான்!

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதே வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்துக்கொண்டார். அமீபா குடலில் ஆரம்பித்து ஈரலுக்கு ஏறும், ஏறி அங்கே சீழ்க் கட்டி வைக்கும் என்று டாக்டரின் புத்தகத்தில் படம் பார்த்திருந்தார். அதற்கப்புறம் அமுக்கிப் பார்ப்பதே அவருக்கு வழக்கமாகிவிட்டது. சாப்பிடும்போது அமுக்குவார், நடக்கும்போது அமுக்குவார். தான் செத்துப்போவது பற்றிக்கூட அவர் அவ்வளவாக நினைக்கவில்லை. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்தது. பங்கஜவல்லி. பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிற அப்பாவின் செருப்புச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்து ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற குழந்தை. அந்தக் குழந்தையை நினைத்துத்தான் ராமபத்ரனுக்குப் பயம். தன் கையிலிருந்து அவள் வாய்க்குப் போய்விட்டால்?

அன்று மாலையும் ஓடி வந்தாள். ராமபத்ரன் பின்னாலேயே நகர்ந்து தெருவில் நின்றார். "அப்பா மேல பூச்சி இருக்குடி கண்ணு. தொடாதே, கிட்ட வராதே" என்றார். குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. மறுபடி ஓடி வந்தபோது அவர் அதட்டினார். அதற்குமுன் ஒரு நாளும் அதட்டியதில்லை. அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தார்.

வீட்டில் சட்டங்கள் வந்தன. குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை. மனைவி செங்கமலவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் அழுதே விட்டாள்.

"ஏன்னா, குழந்தையைத் தொட மாட்டேங்கறேளே, அவ உங்களை என்ன பண்ணினா?"

கம்பெனியில் எல்லோருக்கும் பரவுகிற ஜுரம், அதனால் ஜாக்கிரதை என்று எதையோ உளறி வைத்தார். பெருமாள் அறைப் பக்கமும் அவர் போவதில்லை. குதிரை ரத்தம் பட்ட வாயோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? காலையில் பூஜை முடித்து, துளசியும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணக்கிற தீர்த்தத்தை உத்தரணியில் எடுத்து அப்பா எல்லோரையும் கூப்பிடுவார். பங்கஜம் முதல் ஆளாகக் கையைக் குழித்து நிற்பாள். ராமபத்ரன் மட்டும் பஸ்ஸுக்கு நாழியாகிவிட்டது என்று சொல்லி வாசலைத் தாண்டிவிடுவார். கிருஷ்ணஸ்வாமி மகன் போன திக்கைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், அவ்வளவே.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. தெருவெல்லாம் வெள்ளம், கொல்லையெல்லாம் சேறு. மழை விட்ட கொஞ்ச நாளில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் சூட்டுக் கோளாறு என்றார்கள், பிறகு மாந்தம் என்றார்கள். சளியும் ரத்தமுமாகப் போனபோது செங்கமலவல்லி அலறிக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள். அதைப் பார்த்த ராமபத்ரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். குழந்தைக்குப் பார்ப்பதா இவருக்குப் பார்ப்பதா என்று பாவம் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒரு பென்சிலின் பாட்டிலில் குழந்தையின் மலத்தை எடுத்து, துணி சுற்றி, மடியில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அமீபா சூடு ஆறினால் ஓட்டம் நின்றுவிடும், அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்காக வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பெரியபாளையத்தில் பஸ்ஸுக்காக நின்ற நேரம் ஒரு யுகமாக இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். இருந்தது. விரல் போல உடம்பை நீட்டி நீட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் சிவப்பு அணுக்கள் உருண்டையாகத் தெரிந்தன. தன் குழந்தையின் ரத்தம்.

அதற்கு மேல் ஒளிக்கத் தெம்பில்லை. டாக்டர் மேரியின் முன்னால் போய் நின்று, "நான்தான் மேடம் குடுத்தேன், என் குழந்தையை நானே கொன்னுட்டேன்" என்று ஆரம்பித்து, பிப்பெட்டு, பஞ்சு, அய்யங்கார் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டார்.

டாக்டர் முதலில் குழந்தைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். சரியாகக் கொடுத்தால் பிழைத்துவிடுவாள், பயம் வேண்டாம் என்றார். பிறகுதான், எந்தக் குழாய் என்று கேட்டார். கொழுப்புச் சோதனைக் குழாய் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப அது நீங்க குடுத்தது இல்ல, ராமபத்ரன். அந்தப் பூச்சிக்கு மேல ஓடு கிடையாது. ஓடு கட்டிக்கிட்டு வர்ற அமீபாதான் வயித்து அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போகும். இது வருஷக்கணக்கா குழாய்லயே குதிரைக் கொழுப்பைத் தின்னு வளர்ந்தது, ஓடு கட்டவே மறந்துபோச்சு. உங்க வயித்துல விழுந்த உடனேயே செத்திருக்கும்."

ராமபத்ரன் நம்பவில்லை. நம்புவதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. டாக்டர் அவரையும் சோதித்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தும் ஒன்றும் இல்லை, சுத்தம். வீட்டில் மற்றவர்களுக்கும் பார்க்க வேண்டும் என்றார். ராமபத்ரன் மனைவியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். அப்பாவிடம் எப்படிக் கேட்பது? கோஷ்டியில் முதல் வரிசையில் நிற்பவரிடம் போய் இதைக் கொடுங்கள் என்றா கேட்பது? அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செங்கமலவல்லிக்கு நோவு ஒன்றும் தெரியாவிட்டாலும், மலத்தில் ஓடு கட்டிய அமீபாக்கள் வட்ட வட்டமாகக் கிடந்தன.

"வீட்ல எல்லாரும் குடிச்சு நீங்க மட்டும் குடிக்காத தண்ணி ஏதோ இருக்கு" என்றார் டாக்டர். "அதைக் கண்டுபிடிக்கலைன்னா மருந்து குடுத்தும் பிரயோசனம் இல்ல, குழந்தைக்குத் திரும்ப வரும். அடுத்த தடவை ஈரலுக்கும் போகலாம்."

வீட்டில் காய்ச்சாத தண்ணீரை யாரும் தொடுவதில்லை என்று ராமபத்ரன் சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை. வழி நெடுக யோசித்தார். சமையலும் அந்தக் கொதித்த தண்ணீரில்தான். பாலுக்குத் தண்ணீர் கலப்பதில்லை. மோர்? அதற்கும் காய்ச்சி ஆறினதுதான். எல்லாமே எல்லோருக்கும் ஒன்றுதான், தட்டுதான் வேறு. மாத்திரையைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவச் சொல்லிவிட்டு, எட்டவே நின்று பார்த்தார். டாக்டர் அவ்வளவு சொல்லியும் தொட மனம் வரவில்லை. அன்று முழுக்க அந்த ஒரே கேள்வி அவரைப் போட்டு அரித்தது.

காலையில் பூஜை மணி கேட்டது. தீர்த்தம் வாங்கிக்கொள்ள அப்பா கூப்பிட்டார். ராமபத்ரன் பழக்கதோஷத்தில் செருப்பை மாட்டப் போனவர், திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணஸ்வாமி மடியில் துவண்டு கிடந்த பேத்தியின் வாயருகே உத்தரணியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு உத்தரணி சாப்பிடுடி என் கண்ணே, பெருமாள் எல்லாத்தையும் சரி பண்ணிடுவார்" என்றார். உடம்பு சரியில்லாத நாள் முதலாகக் காலையும் மாலையும், கூடுதலாகவே கொடுத்துவந்திருக்கிறார்.

அந்த வீட்டில் தெருக் குழாய்த் தண்ணீர் கிடையாது. குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது என்று அப்பா அதைச் சேர்த்ததே இல்லை. பெருமாளுக்குக் கொல்லைக் கிணறு, அதுவும் குளித்து ஈரத்துணியோடு அவரே இறைத்த ஜலம். அந்தக் கிணற்றுக்கு அந்தண்டை, பக்கத்து வீட்டார் கோடையில் புதிதாகக் கக்கூஸ் குழி வெட்டியிருந்தார்கள். மழையில் குழியும் கிணறும் ஒரே மட்டத்துக்கு நிரம்பி நின்றதை ராமபத்ரன் தன் கண்ணாலேயே பார்த்தவர்தான். பார்த்து என்ன? தண்ணீர் என்றால் காய்ச்ச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெருமாள் தீர்த்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க அவருக்கு எப்படித் தோன்றும்?

கம்பெனிக்குக் கிளம்பிய துணியோடு பெருமாள் அறைக்குள் ஓடி, ஆசாரத்தில் இருந்த அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். உத்தரணி உருண்டது.

"வேண்டாம்ப்பா. அது தண்ணி."

கிருஷ்ணஸ்வாமிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "என்னடா சொன்னே?" என்றார். அன்றைக்கு ராமபத்ரனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. கிணறு, குழி, மழை, ஓடு கட்டிய பூச்சி என்று எல்லாவற்றையும் சொன்னார். தான் தீர்த்தம் வாங்கிக்கொள்ளாததால் தனக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பதையும் சொன்னார். ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. கிழவர் மடியிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான்தான் குடுத்தேனா?"

அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ. ராமபத்ரன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த தன்னுடைய முகமே அங்கே இருந்தது. அந்தப் பழியை இன்னொரு மனுஷன் சுமப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"இல்லப்பா. மழை குடுத்தது. மழைதான்."

கிழவர் எழுந்து கொல்லைக்குப் போனார். கிணற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் விடியற்காலை செங்கமலவல்லி எழுந்து போனபோது அடுப்பில் பித்தளைப் பாத்திரம் ஏறியிருந்தது. பக்கத்தில் ஈர வேட்டியோடு மாமனார் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். "மார்கழி வரப்போறது. பெருமாளுக்கும் குளிராதா? இனிமே அவருக்கு வெந்நீர்தான்" என்றார், யாரும் கேட்காமலே. அதற்கப்புறம் அந்த வீட்டில் தீர்த்தம் கொதித்து ஆறித்தான் வந்தது, எந்த மாசமானாலும்.

குழந்தை பிழைத்தது. ரத்தம் நின்றது, பசி வந்தது, விளையாட ஆரம்பித்தது. செங்கமலவல்லிக்கும் மருந்து கொடுத்தாயிற்று. கிழவர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை, மாத்திரையை மட்டும் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் மேரி பிப்பெட்டின் நுனியில் மாட்டி உறிஞ்ச ரப்பர் பல்பு வாங்கிப் போட்டு, வாயால் உறிஞ்சினால் சீட்டுக் கிழிப்பேன் என்றார். துளசிராமன் அப்புறம் அவரை அய்யங்காரே என்றுதான் கூப்பிட்டான், அதுவும் அவர் கையில் பிப்பெட் இல்லாத நேரமாகப் பார்த்து. குதிரை ரத்த விஷயத்தை ராமபத்ரன் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பயம் அவரோடேயே இருந்தது.

பங்கஜத்துக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, ராமபத்ரன் வழியில் வேர்க்கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். தெருமுனை திரும்பும்போதே செருப்பை வேண்டுமென்று சத்தமாகத் தேய்த்து நடந்தார். வாசலில் குழந்தை தாத்தாவோடு நின்றிருந்தது. இவர் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினார். புரட்டாசிக்குப் பிறகு முதல் தடவையாக நீட்டிய கை.

"வாடி கண்ணு, அப்பாகிட்ட வா."

அவள் வரவில்லை. தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் ஒளிந்தாள். மிட்டாயைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா மேல பூச்சி இருக்கு" என்றாள்.